கயிறு பிடித்த கை

சூரியன் கடலுக்குள்ளிருந்து தலையை நீட்டுமுன்பே அந்தோனியார் கரையில் இடுப்புகள் நோகத் தொடங்கிவிட்டன.

வள்ளம் வலையை அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு வந்து நெடுநேரமாகியிருந்தது. வலையின் இரண்டு பக்கக் கயிறுகளும் கடலுக்குள்ளிருந்து கரையேறிக் கிடந்தன. வடக்குக் கயிற்றில் ஒரு கூட்டம், தெற்குக் கயிற்றில் ஒரு கூட்டம். ஒவ்வொருவர் இடுப்பிலும் சாக்குத் துணியில் தைத்த அகலமான வார். அதன் நுனியை வலைக்கயிற்றில் கொளுவிவிட்டு, முகம் கடலைப் பார்க்க, உடம்பைப் பின்னால் சாய்த்துச் சாய்த்து நடக்க வேண்டும். மணல் காலுக்குக் கீழே நழுவும். நழுவிய மணலில் குதியை ஊன்றி இன்னும் ஓர் அடி. மேட்டுக்கு வந்து சேர்ந்தவர் வாரைக் கழற்றிக்கொண்டு மறுபடி அலை விளிம்புக்கு ஓடிக் கொளுவ வேண்டும். உப்பு ஊறிய நைலோன் கயிறு உள்ளங்கைத் தோலை வெங்காயம் உரிப்பதுபோல உரித்தெடுக்கும்.

தெற்குக் கயிற்றில் சாய்ந்துகொண்டிருந்த அஜந்தன் இந்த வேலைக்குப் புதிது. நாட்டுக்கே புதிது. மலைநாட்டிலிருந்து செட்டிகுளத்துக்கு வந்து காடு வெட்டிக் காணி பிடித்த மாயாண்டியின் மகன் அவன். சண்டைக்குத் தப்பி மாயாண்டி வள்ளமேறி இந்தியாவுக்குப் போன பிறகு அங்கே அகதி முகாமில் பிறந்தவன். முப்பது வயதுவரை அங்கேயே வளர்ந்துவிட்டு, தகப்பனை அங்கேயே புதைத்துவிட்டு, மனைவி தனுஷாவையும் நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு சில மாதங்களுக்கு முன்னர்தான் 'சொந்த நாட்டில்' வந்திறங்கினான். செட்டிகுளத்துக் காணியில் வேறு யாரோ வேலி அடைத்திருந்தார்கள். வேலை தேடி முல்லைத்தீவுக் கரைக்கு வந்தான். இந்தியாவில் அவனைச் சிலோன்காரன் என்றார்கள், இங்கே இந்தியாக்காரன் என்றார்கள். இரண்டு நாட்டுக்கும் அவன் விருந்தாளிதான். சாப்பாடு மட்டும் யாரும் போடவில்லை.

"கல்லு!"

அலை விளிம்பில் நின்ற கிறகோரி கத்தினார். கடலடியில் கிடக்கும் பாறையிலோ, சண்டைக்காலத்தில் மூழ்கிப்போன இரும்பிலோ வலை சிக்கினால் கயிற்றின் இழுவை மாறும். அதை யாருடைய இடுப்பு முதலில் உணர்கிறதோ அவர் அப்படிக் கத்துவார். கத்தியது யார் என்று பார்ப்பதில்லை. இரண்டு கயிற்றிலும் உள்ள அத்தனை பேரும் அந்தக் கணமே இரண்டடி முன்னால் போய் இளக்கிவிட வேண்டும். இளகியதும் கிறகோரி ஓடிப்போய்க் கயிற்றை இரு கையாலும் பிடித்து, ஆட்டி ஆட்டிச் சிக்கலைக் கழற்றுவார்.

அஜந்தன் ஒரு மூச்சு பிந்திவிட்டான்.

"டேய் இந்தியா! காதில பஞ்சே வைச்சிருக்கிறாய்?" என்று பக்கத்தில் நின்ற கொலின்ஸ் பாய்ந்தான். "வலை கிழிஞ்சால் உன்ர கொப்பரோ வந்து பொத்துறது?"

"விடடா கொலின்ஸ். நீ பிறக்கேக்கையே இடுப்பில வாரோடயோ வந்தனி?" என்றாள் புனிதமலர். கிறகோரியின் மனைவி. அவளும் அதே கயிற்றில்தான் இழுத்தாள். அவள் வாய் திறந்தால் கொலின்ஸ் அடங்கிவிடுவான்.

மீன் சேரும் வலையின் மடி கரைக்கு வந்தபோது உள்ளே பாதி சொறி, ஒன்றுக்கும் உதவாத இழுதுமீன். அந்த வழுவழுப்புக்கு நடுவே ஒரு கூடைக்கும் காணாத சூடை மீனும் காரலும். எல்லோரும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்கள்.

பிடிபடுவதில் வலைக்குப் பாதி, ஆட்களுக்குப் பாதி. ஆட்களின் பாதி எல்லோருக்கும் சமம். ஏலம் கூறுமுன் ஆளுக்கொரு பிடி கறிமீன். மடி கரையேறுமுன் கயிற்றில் கை வைத்தவர் வழியால் போனவராக இருந்தாலும் அன்றைக்கு அவருக்கும் பங்குண்டு. இழுவையில் அடிபட்டுப் படுத்துவிட்டால், எழும்பி வரும்வரை அவர் பங்கு வீடு தேடிப் போகும். இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இந்தக் கரையில் அடுப்பெரிந்தது இதனால்தான்.

அஜந்தன் தள்ளி நின்றான். புனிதமலர் அவன் பையைப் பறித்துத் தன் பங்கிலிருந்தும் ஒரு பிடி சேர்த்துப் போட்டாள்.

"கயிறு பிடிச்சனிதானே? பிறகென்ன வெக்கம்? பிள்ளைக்குத் தீயல் வைச்சுக் குடு."

அன்று பகல் சம்மாட்டி ஸ்ரனிஸ்லஸ் அவனைக் கரையோரத்துத் தன் வாடிக் கொட்டிலுக்குக் கூப்பிட்டார். வலைக்குச் சொந்தக்காரர். நெஞ்சு மயிர் தெரியப் பொத்தான் திறந்த வெள்ளைச் சேட்டு, பிளாஸ்டிக் கதிரை, முழங்காலில் கைபேசி.

"இரும் தம்பி. நீர் மெட்ராசில வின்ச் ஓட்டினனீராமே?"

"ஆமாங்கய்யா. மாடி வேலைக்குக் கலவை தூக்குறது."

சம்மாட்டி எழுந்து போய் மூலையில் கிடந்த தறப்பாளை இழுத்தார். பழைய உழவு இயந்திரம். பின்பக்கத்தில் புதிதாகப் பொருத்திய இரும்பு உருளை.

"கயித்தை இதில சுத்திவிட்டால் தெற்குப் பக்கம் முழுக்க இது இழுக்கும். தேத்தண்ணி கேக்காது. கறிமீன் கேக்காது. இதில இருக்க எனக்கு ஒரு ஆள் வேணும். மாதம் முப்பதாயிரம். மீன் பட்டாலென்ன, படாட்டியென்ன. இருக்க வாடியில ஒரு அறை."

முப்பதாயிரம் இன்றைக்கு என்ன பெறும் என்பது கடைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். மேசனோடு கல் தூக்கப் போகிறவன் அதைவிடக் கூட உழைப்பான். ஆனால் மேசன்மார் அடையாள அட்டை இல்லாத ஆளைக் கூட்டிப் போவதில்லை. அஜந்தன் தன் ஆயுளில் மாதச் சம்பளம் என்று ஒன்றை வாங்கியதில்லை. அவன் தகப்பனும் வாங்கியதில்லை. அந்தச் சொல்லே அவனுக்கு வயிற்றுக்குள் சூடாக இறங்கியது.

"எனக்கு இன்னும் அடையாள அட்டை வரலீங்கய்யா."

"அதுக்குத்தானே நான் இருக்கிறன். கிராம சேவகர் எனக்குத் தெரிஞ்ச பிள்ளை. பேந்து உம்மட மகளைப் பள்ளிக்கூடத்தில சேர்க்க ஒருத்தரும் மறிக்காயினம்."

"தெற்குக் கயித்துல இருக்கறவங்கெல்லாம்?"

"வடக்குக் கயித்துக்கு எட்டுப் பேரை நாள்கூலிக்கு வைச்சிருப்பன், மற்ற மெசின் வருமட்டும். மிச்சப் பேர் தங்கட பாட்டைப் பாக்கட்டும். பங்கு கிங்கெல்லாம் கடலில மீன் கிடந்த காலத்துக் கதை."

அஜந்தன் உருளையைத் தொட்டுப் பார்த்தான்.

"இந்த ஊர்ல வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்க நிறையப் பேரு இருக்காங்களேய்யா. ஏன் என்னைய?"

சம்மாட்டி மறைக்கவில்லை. சிரித்தபடியே சொன்னார். "ஊர்க்காரன் இதில ஏறினால் சகோதரத்தோட சண்டை பிடிக்க வேணும், மச்சானோட கொழுவ வேணும். உமக்கு இஞ்ச ஆர் இருக்கினம்?"

மூடிக்கிடந்த கூட்டுறவுச் சங்கக் கடையின் பின்பக்கச் சாய்ப்பில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். தகரத்தில் ஓட்டை. தனுஷா தீயல் சட்டியைத் துடைத்து மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதைக் கேட்டதும் கை நின்றது.

"ஒத்துக்கிட்டீங்கல்ல?"

"திங்கக்கிழமை சொல்றேன்னு வந்துட்டேன்."

"என்னத்தச் சொல்லப் போறீங்க?"

அவன் சென்னையை நினைத்துக்கொண்டிருந்தான். கட்டட வேலையில் முகாம்காரனுக்கு ஒரு கூலி, ஊர்க்காரனுக்கு ஒரு கூலி. முகாம்காரன் கேள்வி கேட்க முடியாது, சாயந்தரத்துக்குள் முகாமுக்குத் திரும்பிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருநாள் சாப்பாட்டு நேரம் அவன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும், ஒரு கொத்தனார் பாதிச் சோற்றோடு எழுந்து போனார். 'உங்களாலதான்டா எங்க கூலி ஏறவே மாட்டேங்குது' என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆளிடம் அவனுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவனை இன்றுவரை அரித்தது.

"அங்கயும் குறைஞ்ச கூலிக்குக் கிடைச்ச ஆளு நான்தான். இங்கயும் அதுக்குத்தான் கூப்புடறாரு, தனுஷா."

"அங்க நாம அகதி. இது நம்ம நாடுன்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தீங்க?" அவள் குரல் உயர்ந்து, மகளைப் பார்த்துத் தாழ்ந்தது. "பாப்பாவுக்குக் கடைசியா எப்பப் பால் குடுத்தேன்னு கேளுங்க. கேட்க மாட்டீங்க. அந்தப் பங்குல நேத்து என்ன வந்துச்சு? முந்தாநாள் என்ன வந்துச்சு? அவங்களுக்கு வீடு இருக்கு, காணி இருக்கு, சொந்தம் இருக்கு. நமக்கு என்ன இருக்கு?"

அவள் கேட்டதில் பொய் ஒன்றும் இல்லை. பசித்த பிள்ளையை வைத்திருக்கிறவளிடம் நியாயம் பேசிக்கொண்டிருக்க யாரால் முடியும்? திங்கட்கிழமை அவன் போய்த் தலையாட்டினான்.

மறுநாள் விடியலில் உழவு இயந்திரம் மேட்டில் நின்று புகைந்தது. தெற்குக் கயிறு உருளையில் சுற்றிக்கொண்டு வந்தது. வடக்கில் எட்டுப் பேர் நாள்கூலிக்குச் சாய்ந்தார்கள், தலை நிமிராமல். வேலையில்லாமல் போனவர்களும் கரைக்கு வந்திருந்தார்கள். வேறெங்கே போவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கொலின்ஸ் அஜந்தனுக்குக் கேட்கும்படி காறித் துப்பினான். புனிதமலர் அவனைப் பார்க்கவில்லை. வேலை போன பிறகும் கிறகோரி மட்டும் வழமைபோல அலை விளிம்பில் நின்றார், இடுப்பில் வாரோடு.

வலை பாதித் தூரம் வந்திருக்கும். தெற்குக் கயிறு திடீரென்று முறுகியது. தண்ணீர் அதிலிருந்து தூறலாகத் தெறித்தது.

"கல்லு!" கிறகோரி கத்திக்கொண்டே ஓடினார். கத்தினால் இளகும் என்பது அவர் கைக்குப் பழக்கம். எத்தனை வருடத்துப் பழக்கம்! இளகுமுன்பே இரு கையாலும் கயிற்றைப் பிடித்துவிட்டார்.

"நிப்பாட்டாதையும்! இழும்! மெசின் பிச்சுக்கொண்டு வரும்!" என்று சம்மாட்டி கத்தினார்.

அஜந்தனின் கை உருளையை நிறுத்தும் பிடியில் இருந்தது. அவன் கடலைப் பார்க்காமல் சம்மாட்டியின் முகத்தைப் பார்த்தான். சம்பளம் வாங்கப் போகிறவன் வேறெங்கே பார்ப்பான்? அந்த ஒரு பார்வை நேரத்தில் கயிறு அறுந்தது. அறுந்த நுனி காற்றை அறுத்துக்கொண்டு வந்து கிறகோரியின் முழங்காலுக்குக் கீழே அடித்தது. எலும்பு முறிந்த சத்தம் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலாகக் கேட்டது.

கிறகோரியை ஓட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, கொலின்ஸ் முன்னால் வர எல்லோருமாக வாடிக்குப் போனார்கள். அஜந்தன் உழவு இயந்திரத்தடியில் நின்றபடி அதைக் கேட்டான்.

"சம்மாட்டியார், கிறகோரி அண்ணை கயித்தில கை வைச்சவர். அவர் எழும்புமட்டும் பங்கு வீட்டுக்குப் போகவேணும்."

"எந்தப் பங்கு? மெசின் வலைக்குப் பங்கில்லையெண்டு முதலே சொன்னனான். அவரை ஆர் கயித்தைத் தொடச் சொன்னது? அவர் என்ர வேலையாளே?"

"நேற்றுவரைக்கும் ஆரின்ர வேலையாள்?"

"நேற்று நேற்றுத்தான்."

"உங்கட அப்பாவும் இந்தக் கரையிலதான் கயித்தோட விழுந்தவர்," என்றான் கொலின்ஸ். "அவர் படுத்த படுக்கையாக் கிடந்து சாகுமட்டும் உங்கட வீட்டுக்குப் பங்கு வந்ததெண்டு என்ர அம்மா சொல்லுவா. அந்தச் சோத்திலதானே வளந்தனீங்கள்?"

சம்மாட்டி கடலைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. பிறகு, "அது வேற காலம். போய் வேலையைப் பாருங்கோ," என்றார்.

எல்லோரும் போனபின் அவர் அஜந்தனிடம் வந்து, அவன் சேட்டுப் பையில் காசை மடித்து வைத்தார். "முதல் மாதச் சம்பளம், முழுசா, முன்னுக்கே தாறன். பயப்பிடாதையும். உம்மில பிழையில்லை, கயிறு பழசு. நாளைக்குப் புதுக் கயிறு."

பின்னேரம் ஆஸ்பத்திரி வாசலில் அஜந்தன் மகளோடு நின்றான். உள்ளே போக அவனுக்குக் கால் வரவில்லை. தனுஷாதான் போனாள். திரும்பி வந்தவள் நடந்துகொண்டே சொன்னாள்.

"யாழ்ப்பாணம் கொண்டு போறாங்க. காலை எடுக்க வேண்டி வரும்னு டாக்டர் சொல்லிட்டாராம்."

"புனிதமலர் அக்கா என்னைய..."

"திட்டல. திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும். 'பிள்ளை சாப்பிட்டவளோ'ன்னு கேட்டாங்க." தனுஷா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "காசுல ஒரு பால்மாப் பெட்டி வாங்கிட்டேன். மிச்சம் அப்படியே இருக்கு. என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. உங்களுக்கு எது சரின்னு படுதோ அதப் பண்ணுங்க. ஆனா இவ பட்டினி கிடந்தா நான் உங்கள விட மாட்டேன்."

அடுத்த விடியலிலும் வள்ளம் போய் வலை வளைத்தது. புதுக் கயிறு உருளையில் ஏறியது. வேலையில்லாதவர்கள் மணலில் குந்தியிருந்தார்கள். இழுக்கக் கயிறில்லாதபோதும் எல்லோர் இடுப்பிலும் வார் கட்டியிருந்தது. கிறகோரி நிற்கும் இடம் வெறுமையாகக் கிடந்தது. அலை வந்து அந்த மணலை நனைத்துவிட்டுப் போனது.

அஜந்தன் பிடியில் கை வைத்தபடி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வலை பாதித் தூரம் வந்தது. கயிறு இளக்கமாக, ஒரு சிக்கலும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அவன் இருக்கையை விட்டு எழுந்து நின்றான்.

"கல்லு!"

அந்தச் சத்தம் தன் தொண்டையிலிருந்துதான் வந்ததா என்று அவனுக்கே திகைப்பாக இருந்தது. வடக்குக் கயிற்றில் இருந்த எட்டுப் பேரும் யோசிக்காமல் இரண்டடி முன்னால் போய் இளக்கிவிட்டார்கள். அவன் இயந்திரத்தை நிறுத்தி, உருளையின் பூட்டை விட்டு, கீழே குதித்தான்.

"எங்கயடா கல்லு?" சம்மாட்டி ஓடி வந்தார். மரியாதையெல்லாம் போய்விட்டது. "கயிறு வடிவா வருகுது! எங்க கல்லு?"

"கிறகோரி அண்ணனோட பங்கு, ஐயா," என்றான் அஜந்தன். "அதுலதான் வலை சிக்கியிருக்கு. அதக் கழட்டாம இழுக்க முடியாதுங்க."

பூட்டு விட்ட உருளை தானாகச் சுழன்றது. நீரோட்டம் வலையை வடக்கே இழுக்க, தெற்குக் கயிறு மணலில் சரசரவென்று கடலுக்குள் ஓடத் தொடங்கியது.

"வலை போகுது! என்ர வலை!" என்று சம்மாட்டி அலறினார்.

முதலில் பாய்ந்தவன் கொலின்ஸ். ஓடும் கயிற்றில் விழுந்து பிடித்தான். பின்னால் மற்றவர்கள் பாய்ந்தார்கள். வார்கள் கொளுவின, குதிகள் மணலில் ஊன்றின, கயிறு நின்றது. அத்தனை நாள் தாங்கள் இழுத்த வலையைக் கடல் கொண்டுபோக அவர்கள் விடவில்லை. ஆனால் ஒருவரும் ஓர் அடிகூடப் பின்னால் வைக்கவில்லை. வடக்கில் இருந்த எட்டுப் பேரும் அப்படியே நின்றார்கள். அவர்களுக்கும் விளங்கிவிட்டது.

"இழுங்கோவன்!"

"கை வைச்சிட்டம் சம்மாட்டியார்," என்றான் கொலின்ஸ், பல்லைக் கடித்துக்கொண்டு. "இனிப் பங்கு எங்களுக்கிருக்கு. அண்ணைக்கும் இருக்கு. ஓமெண்டு சொல்லுங்கோ, இழுக்கிறம்."

சம்மாட்டி அஜந்தன் பக்கம் திரும்பினார். "உனக்கு அடையாள அட்டை கிடைக்கிறதைப் பாக்கிறன். நாளைக்கே பொலிசில சொல்லி உன்னைத் திரும்ப இந்தியாவுக்கு..."

அப்போதுதான் தனுஷா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். எவ்வளவு நேரம் அங்கே நின்றாளோ தெரியாது. நேரே சம்மாட்டியிடம் போனாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை நீட்டினாள்.

"இதுல ஒரு பால்மாப் பெட்டிக் காசு மட்டும் குறையுதுங்கய்யா. அத நான் வேலை செஞ்சு தந்துடறேன்."

அவர் வாங்கவில்லை. அவள் காசை மணலில் கிடந்த அவர் கதிரையில் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் ஒரு சிப்பியைத் தூக்கி மேலே வைத்தாள். நாளைக்கு அடுப்பில் என்ன வைப்பது என்று அவளுக்குத் தெரியாது. அஜந்தனுக்கும் தெரியாது.

அவன் கயிற்றில் இடம் தேடி வந்தபோது, கொலின்ஸ் முகத்தைத் திருப்பாமலே ஓரடி தள்ளி நின்றான். அந்த இடைவெளியில் அஜந்தன் கயிற்றைப் பிடித்தான். உரிந்த உள்ளங்கை எரிந்தது. தனுஷா அவனுக்குப் பின்னால் வந்து பிடித்தாள். இறக்கிவிட்ட மகள் இருவர் காலுக்கும் நடுவில் புகுந்து, எட்டிய மட்டும் இரண்டு கையாலும் கயிற்றைப் பற்றிக்கொண்டாள்.

சூரியன் எழும்பி எல்லோர் முகத்திலும் அடித்தது. சம்மாட்டி கைபேசியை எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்தார். கடல் இழுத்துக்கொண்டிருந்தது. கரையில் யாரும் இழுக்கவில்லை, யாரும் விடவுமில்லை.

கொலின்ஸ் கீழே குனிந்து பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னான்.

"சம்மாட்டியார், இஞ்ச பாருங்கோ. சின்னவளும் கை வைச்சிட்டாள். அவளுக்கும் ஒரு பங்கு."